தீப்பெட்டி அளவில் ஒரு லயம்: மலைநாட்டுக் கோச்சியை மொடலாகச் செய்ய நினைப்பவர்களுக்கு

மொடல் ரயில் செய்ய ஆசைப்படுகிறவர்கள் கேட்கிற முதல் கேள்விகள் உலகம் முழுக்க ஒரே மாதிரித்தான். எந்த அளவில் செய்வது? எவ்வளவு இடம் வேணும்? வளைவு எவ்வளவு வளையலாம்? ஏற்றம் எவ்வளவு ஏறலாம்? எந்தக் காலத்து ரயிலைச் செய்வது? இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ இருக்கிற ஒருவருக்கு இதற்கெல்லாம் கடையில் பெட்டியோடு பதில் கிடைத்துவிடும். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ இருந்துகொண்டு இதே கேள்விகளைக் கேட்டால்? நம்ம கோச்சியைப் பெட்டியில் போட்டு யாரும் கடைகளில் அடுக்கி வைத்திருப்பதில்லை. பென்சிலும் அடிமட்டமும் எடுத்து நாமேதான் கணக்குப் போடணும். அப்படிப் போடத் தொடங்கினால் கொஞ்ச நேரத்திலேயே அது வரலாற்றுப் பாடமாகிவிடுகிறது. ஒவ்வொரு கேள்வியாகப் பார்ப்போம்.

எந்த அளவில் செய்வது?

இன்றைக்கு உலகில் அதிகம் பேர் பயன்படுத்தும் அளவுக்கு எச்.ஓ. என்று பெயர். நிஜத்தை 87 மடங்கு சுருக்கினால் எச்.ஓ. இதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடுகிற 1,435 மில்லிமீட்டர் பாதையை 87ஆல் வகுத்தால் இந்த 16.5 வரும். இங்கிலாந்துக்காரர்களின் எஞ்சின்கள் கொஞ்சம் சின்னவை. அந்தக் காலத்து மோட்டார் அவற்றின் மொடல்களுக்குள் அடங்கவில்லை. அதனால் எஞ்சினை மட்டும் 76 மடங்குச் சுருக்கமாகப் பெரிதாக்கி, தண்டவாளத்தை அதே 16.5இல் விட்டுவிட்டார்கள். டபுள் ஓ என்கிற அந்த அளவில் இன்றுவரைக்கும் ரயில் தன் அளவுக்கு ஒடுங்கிய பாதையில்தான் ஓடுகிறது. ஆக, மொடல் உலகத்திலும் சமரசம் புதுசு இல்லை.

நம்முடைய பாதை இந்த இரண்டுக்குள்ளும் அடங்காது. இலங்கை ரயில் பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம், அதாவது 1,676 மில்லிமீட்டர். இந்தியாவில் பிரிட்டிஷார் போட்ட அகலப் பாதையும் இதே அளவுதான். 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. கடையில் வாங்கும் 16.5 தண்டவாளத்தில் நம்ம கோச்சியை நிறுத்தினால், பார்க்க ஒடுங்கித்தான் தெரியும். சரியாக வேணுமென்றால் தண்டவாளத்தைக் கையால் செய்யணும். இல்லையென்றால் 16.5ஐ வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் கிட்டத்தட்ட 102 மடங்கு சுருக்கணும். முதல் மொடலுக்கு இந்தக் குறையைப் பொறுத்துக்கொண்டு போவதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது.

எந்தப் பாதையைச் செய்வது?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மலைநாட்டில் கடைத் தண்டவாளத்தை வைத்துக் கிட்டத்தட்டச் சரியான அளவில் செய்யக்கூடிய ரயில் ஒன்று இருந்தது. அந்த ரயில் இப்போது இல்லை.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குப் போன உடப்புசல்லாவ பாதை அது. 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறந்தார்கள். அகலம் வெறும் 2 அடி 6 அங்குலம். இன்றைக்கு இலங்கையின் உயரமான ரயில் நிலையம் என்று பட்டிப்பொலயைச் சொல்கிறோம். அந்தக் காலத்தில் கந்தப்பளை ஸ்டேஷன் அதைவிட உயரத்தில் இருந்தது. தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளை நானுஓயாவுக்குக் கொண்டுவந்து பெரிய ரயிலில் மாற்றி ஏற்றுவதுதான் இந்தச் சின்ன ரயிலின் முக்கிய வேலை. லொறிகளும் பஸ்களும் வந்த பிறகு வருமானம் விழுந்தது. 1948இல் பாதையை முற்றாக மூடிவிட்டார்கள்.

2 அடி 6 அங்குலம் என்றால் 762 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்துப் பாருங்கள்: 8.8 மில்லிமீட்டர். என் அளவு என்று விற்கிற இன்னும் சின்ன மொடல் ரயில்களின் தண்டவாளம் 9 மில்லிமீட்டர். வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் பாதையைச் சரியான அளவில் செய்வது கஷ்டம், காணாமல் போன பாதையைச் செய்வது லேசு.

அந்த 1948 நமக்கு வேறொரு காரணத்துக்காகவும் மனப்பாடம். சுதந்திரம் வந்த அதே வருஷம், 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. தேயிலையை ஏற்றிய தண்டவாளத்தின் கணக்கையும், அதைப் பறித்த கைகளின் கணக்கையும் ஒரே வருஷத்தில் முடித்திருக்கிறார்கள். ஒன்றுக்கு ஒன்று காரணம் இல்லை. ஆனால் இராகலைப் பாதையை மொடல் செய்கிறவர் இரண்டையும் தெரிந்துவைத்திருக்கணும்.

வளைவு எவ்வளவு?

நாவலப்பிட்டிக்கு மேலே ரயிலில் போனவர்களுக்குத் தெரியும், கடைசிப் பெட்டியில் இருந்தபடியே எஞ்சினைப் பார்க்கலாம். இந்தப் பாதையின் கூர்மையான வளைவுகளின் ஆரம் 5 சங்கிலி, அதாவது 330 அடி, சுமார் 100 மீட்டர். எச்.ஓ. அளவில் அது 1.15 மீட்டர். முழு வட்டமாகச் சுற்றிவர நினைத்தால் 2.3 மீட்டர் குறுக்களவு வேணும்.

2.3 மீட்டர் என்றால் எவ்வளவு இடம்? நமக்கு ரொம்பப் பழக்கமான ஓர் அளவுகோல் இருக்கிறது: பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பரா. அந்த அறைக்குள் இந்த வட்டத்தைப் போட்டால் ஓரமாக ஒரு ஆள் ஒதுங்கி நிற்கத்தான் இடம் மிஞ்சும். ஒரு குடும்பம் சமைத்து, தூங்கி, பிள்ளை பெற்று, மூன்று தலைமுறை வாழ்ந்த அறை ஒரேயொரு மொடல் வளைவுக்கே போதாமல் திணறுகிறது.

கணக்கைத் திருப்பியும் போடலாம். அதே லயத்துக் காம்பராவை 87 மடங்கு சுருக்கினால் 3.5 சென்டிமீட்டருக்கு 4.2 சென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டியை விடச் சின்னது. லயத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருப்போம். ஒரு தீப்பெட்டியை மொடல் ரயில் பெட்டி ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவ்வளவும் ஒரே பார்வையில் புரியும்.

கவலை வேண்டாம், மொடல் ரயில்கள் நிஜ ரயிலை விடக் கூர்மையாக வளையும். கடையில் வரும் வளைவுகளின் ஆரம் பெரும்பாலும் 40 சென்டிமீட்டர் சுற்றளவில்தான் இருக்கும். மேசை மேல் அடங்கிவிடும்.

ஏற்றம் எவ்வளவு?

நம்ம பாதையின் ஏற்றம் 44க்கு 1. நாற்பத்துநான்கு அடி போனால் ஓரடி ஏறும். மொடலில் ஒரு மீட்டருக்கு 2.3 சென்டிமீட்டர். மொடல் எஞ்சின்கள் இதைத் தாங்கும், பெட்டிகளை மட்டும் குறைத்துக்கொள்ளணும். நிஜ எஞ்சின்களுக்கு இது லேசான விஷயமாக இருக்கவில்லை. 1927இல் மான்செஸ்டரின் பேயர் பீகொக் கம்பனியிடமிருந்து காரட் வகை எஞ்சின் ஒன்றை வரவழைத்தார்கள். நடுவில் கொதிகலன், முன்னும் பின்னும் தனித்தனியாகத் திரும்பக்கூடிய சக்கரத் தொகுதிகள். பலமும் வேணும், வளையவும் வேணும் என்கிற இடத்துக்கான எஞ்சின் அது. 1945இல் இன்னும் எட்டு வந்தன. 1954இலிருந்து கனடாவின் டீசல் எஞ்சின்கள் வரத் தொடங்கின. அவற்றில் சில ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று கனடாவின் மாகாணப் பெயர்களையே தாங்கி மலையேறின.

சின்ன மேசையில் உயரம் ஏற்ற முடியாமல் தவிக்கிறவர்களுக்குத் தெமோதரையில் பதில் இருக்கிறது. அங்கே பாதை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கம் வழியாகப் போகிறது. மொடல் செய்கிறவர்கள் இடம் மிச்சம் பிடிக்கப் போடும் சுருள் பாதையும் இதேதான். இந்த யோசனை எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். மலையில் எப்படி இறக்குவது என்று குழம்பிப்போயிருந்த எஞ்சினியர் விமலசுரேந்திர, ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்தாராம், விடை கிடைத்துவிட்டதாம். கதை உண்மையோ பொய்யோ, அதில் எஞ்சினியருக்குப் பெயர் இருக்கிறது. தலைப்பாகைக்காரருக்குப் பெயர் இல்லை.

எந்த வருஷம்?

அனுபவசாலிகள் புதியவர்களிடம் தவறாமல் கேட்பது இது. வருஷத்தை முடிவுசெய்யாமல் எஞ்சினும் பெட்டியும் வாங்கினால் எல்லாம் கலந்துபோகும். மலைநாட்டில் வருஷத்தைத் தேர்வு செய்வது என்றால், யாருடைய கதையைச் சொல்லப் போகிறோம் என்று தேர்வு செய்வதுதான்.

1867ஐ எடுத்தால் கோப்பிக் காலம். மாட்டு வண்டியில் கோப்பியைக் கொழும்புக்கு அனுப்பிக் களைத்துப்போன தோட்டத் துரைமார்தான் ரயில் வேணும் என்று வருஷக்கணக்காக அரசாங்கத்தை நெருக்கியவர்கள். கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரைக்கும் 1865இல் போக்குவரத்து தொடங்கியது. கடுகண்ணாவை மலையைக் குடைந்து 1867இல் கண்டிக்கு வந்தது. அதே வருஷம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு வருஷத்தில் கோப்பி இலையில் துரு நோய் தெரியத் தொடங்கியது. பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் வந்து சேர்வதற்குள் கோப்பி செத்துக்கொண்டிருந்தது. கோப்பிக்காகக் கேட்ட ரயிலில் தேயிலை ஏறியது. பிறகு 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை.

ரயில் கண்டிக்கு வந்தபோதும் நம்ம ஆட்களுக்கு ரயில் இல்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்துதான் வந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்த நடைபயணம் அந்தப் பாதையைத்தான் நினைவுபடுத்தியது. கோப்பி மூட்டைக்கு ரயில் கிடைத்து ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து, 1914இல்தான் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் தலைமன்னார் ரயில் பாதையும் வந்தன.

அந்தப் பாதை இரண்டு பக்கமும் ஓடியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். 1974இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 1960களின் கடைசியிலிருந்து 1980களின் தொடக்கம் வரைக்கும் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா ஸ்டேஷன்களிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்கு ரயில் ஏறினார்கள். அக்காவுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று பிரிந்த வீடுகள் உண்டு. பிளாட்போர்மில் இருந்தவர்களும் அழுதார்கள், பெட்டிக்குள் இருந்தவர்களும் அழுதார்கள். நம்ம ஆட்கள் அந்த ரயிலுக்கு வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி.

1970 என்று வருஷம் குறித்து ஹட்டன் ஸ்டேஷனைச் செய்கிறவர் அந்த பிளாட்போர்மை வெறுமையாக விட முடியாது.

சரி, எங்கே தொடங்குவது?

கடுகண்ணாவையில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. ரயிலின் 150ஆவது வருஷத்தை ஒட்டி 2014 டிசம்பரில் திறந்தது. பழைய எஞ்சின்களை நேரில் பார்த்து அளக்க அதைவிட நல்ல இடம் இல்லை. கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் இன்னொரு அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய லயத்துக் காம்பராக்களிலேயே அமைந்த தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் அது. ஒன்றில் எஞ்சின், மற்றதில் அந்த எஞ்சினுக்குச் சுமை கொடுத்தவர்களின் அம்மியும் கூடையும். மொடல் மேசையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கலாம்.

மோட்டார், மின்சாரம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான்கடி நீளம், ஓரடி அகலப் பலகை ஒன்று போதும். ஒரு ஸ்டேஷன், ஒரு துண்டுத் தண்டவாளம், மேலே ஒரு தேயிலைச் சரிவு. லயத்துக்குத் தடித்த அட்டை. தகரக் கூரைக்கு, சிகரட் பெட்டிக்குள் வரும் வெள்ளித்தாளைப் பென்சிலால் கோடிட்டு மடித்தால் போதும். தேயிலைச் செடிக்குக் காய்ந்த பாசியோ பச்சைச் சாயம் போட்ட மரத்தூளோ. எல்லாவற்றையும் அளந்து செய்யுங்கள். உங்கள் தோட்டத்து லயத்தை அளங்கள், வாசற்படியின் உயரத்தை அளங்கள், தாத்தா பாட்டி இருந்தால் ஸ்டேஷனில் பீலி எங்கே இருந்தது, யார் எங்கே நின்றார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஆட்களின் பொம்மைகள்தான் பெரிய சிக்கல். கடையில் வருபவை பெரும்பாலும் கோட்டும் தொப்பியும் போட்ட ஐரோப்பியர்கள். தலையில் கூடைக் கயிறு மாட்டிய ஒரு பெண் எச்.ஓ. அளவில் இரண்டு சென்டிமீட்டர்கூட வரமாட்டார். அவரைக் களிமண்ணிலோ மெழுகிலோ நீங்களேதான் பிடிக்கணும். எஞ்சினைவிட அதற்குத்தான் அதிக நேரம் எடுக்கும். எடுக்கட்டும்.