கபாப் கடை மெனு கார்டில் ஒரு தேசப் பிரிவினை

லண்டன் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

கிழக்கு லண்டனில் வொயிட்சேப்பல் என்று ஒரு பகுதி. அங்கே ராயல் லண்டன் மருத்துவமனையில் இருந்து நடந்து போகிற தூரத்தில், ஃபீல்ட்கேட் தெருவில் "தய்யப்ஸ்" என்று ஒரு கபாப் கடை. 1972-ல் ஆரம்பித்தது. அதே வட்டாரத்தில் அதே வருஷம் ஆரம்பித்த இன்னொரு கடை "லாகூர் கபாப் ஹவுஸ்". இரண்டுமே பஞ்சாபி சமையலுக்குப் பேர் போனவை.

இந்த மாதிரி கடைகளைப் பொதுவாக "பாகிஸ்தானி அண்ட் நார்த் இந்தியன்" என்று சொல்வார்கள்.

சரி, இதில் எது பாகிஸ்தானி? எது நார்த் இந்தியன்? வாங்க, மெனு கார்டை வைத்தே பார்ப்போம்.

முதலில் தந்தூரி சிக்கன்.

நம்ம ஊர் ஓட்டல்களிலும் நார்த் இந்தியன் பக்கத்தைத் திறந்தால் கண்ணில் படுவது இதுதான். ஆனால் இதைப் புகழ்பெற வைத்தவர்கள் வந்த ஊர் எது தெரியுமா? இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் பெஷாவர்!

பெஷாவரில் மோகா சிங் என்பவர் 1920-ல் தொடங்கிய கடை மோத்தி மஹால். அங்கே வேலை பார்த்தவர்களில் ஒருவர் குந்தன் லால் குஜ்ரால். 1947-ல் நாடு பிரிந்தபோது அவரும் குந்தன் லால் ஜக்கி போன்றவர்களும் அகதிகளாக டெல்லி வந்து, தர்யாகஞ்சில் அதே பெயரில் கடை திறந்தார்கள். பிரதமர் நேருவே இந்தக் கடைச் சாப்பாட்டுக்கு ரசிகர்.

பட்டர் சிக்கனைக் கண்டுபிடித்தது குஜ்ராலா, ஜக்கியா என்று இரண்டு தரப்பு வாரிசுகளுக்கும் இடையே 2024-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கே வந்தது. யார் ஜெயித்தாலும் சரி, இரண்டு பேருமே பெஷாவரில் இருந்து வந்தவர்கள்தான்.

ஆக, நாம் "நார்த் இந்தியன்" என்று சாப்பிடுவது எல்லைக்கு அந்தப் பக்கத்து அகதிகள் கொண்டுவந்த சாப்பாடு.

அடுத்து நிஹாரி.

இன்று பாகிஸ்தானின் அடையாளமாகவே இதைச் சொல்வார்கள். இரவெல்லாம் மெல்லிய தீயில் வெந்து, விடிகாலையில் ரொட்டியோடு சாப்பிடும் இறைச்சிக் குழம்பு. இது எங்கே ஊறிய பழக்கம்? பழைய டெல்லியின் சந்துகளில்.

கராச்சியில் பர்ன்ஸ் ரோடு என்று ஒரு சாப்பாட்டுத் தெரு இருக்கிறது. ஜேம்ஸ் பர்ன்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் பெயர்தான் இந்தத் தெருவுக்கு என்று சொல்கிறார்கள். ஒரு டாக்டர் பெயரில் கபாப் தெரு... எங்க ஆட்களுக்கு இப்படியும் ஒரு பெருமை!

1947-க்குப் பிறகு டெல்லியை விட்டுப் போன முஸ்லிம் குடும்பங்கள் பலவும் இந்த வட்டாரத்தில் குடியேறின. டெல்லி நிஹாரியும், கம்பியில் இருந்து கறி உதிராமல் இருக்க நூல் சுற்றிச் சுடுகிற தாகா கபாபும் அங்கே வேரூன்றின.

அதே கராச்சியில் இன்னொரு ஸ்பெஷல் பிஹாரி கபாப். பெயரிலேயே ஊர் இருக்கிறது. இறைச்சியை மெல்லிய பட்டையாக வெட்டி, கடுகு எண்ணெயும் அரைத்த பச்சைப் பப்பாளியும் பூசி ஊற வைப்பார்கள். பப்பாளியில் இருக்கும் பப்பைன் என்ற நொதி இறைச்சியின் புரதத்தை உடைத்து மிருதுவாக்கும். நம்ம வீடுகளில் முற்றின ஆட்டுக்கறி வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடுவார்களே, அதே அறிவியல்தான்.

இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

டெல்லியின் சாப்பாடு கராச்சிக்குப் போய் "பாகிஸ்தானி" ஆகிவிட்டது.
பெஷாவர் சாப்பாடு டெல்லிக்கு வந்து "நார்த் இந்தியன்" ஆகிவிட்டது.

எப்படி நடந்தது இது?

சிரில் ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேய வக்கீல். அதற்கு முன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. 1947 ஜூலை 8 அன்று வந்தார். பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரிக்க அவருக்குக் கிடைத்தது சுமார் ஐந்து வாரம். அவர் போட்ட கோடு ஆகஸ்ட் 17 அன்றுதான் வெளியானது. அதாவது சுதந்திரம் கிடைத்து இரண்டு நாள் வரை, தங்கள் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்று லட்சக்கணக்கானோருக்குத் தெரியாது.

ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். இறந்தவர்கள் 2 லட்சம் முதல் 20 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். எத்தனை பேர் என்று எண்ணக்கூட முடியாத சாவு, சொந்தங்களே!

டெல்லியில் மட்டும் பாருங்கள். புராணா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறை வளாகத்திலும், பாகிஸ்தான் போகக் காத்திருந்த முஸ்லிம்கள். அதே ஊரில் கிங்ஸ்வே முகாமில், பாகிஸ்தானில் இருந்து தப்பி வந்த இந்துக்களும் சீக்கியர்களும். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே கவலைதான்... நாளைக்குப் பிள்ளைகளுக்கு என்ன சாப்பாடு?

கராச்சியின் மக்கள்தொகை 1941-ல் நாலரை லட்சத்துக்கும் குறைவு. 1951-ல் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இப்படிக் கிளம்பியவர்களால் வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நிலத்தையும் கொண்டுபோக முடியாது. ஆனால் அடுப்பு எரிக்கத் தெரிந்த கையைக் கொண்டுபோகலாம். எந்த மசாலா எவ்வளவு என்ற கணக்கைத் தலையில் வைத்துக்கொண்டு போகலாம். கபாபும் தந்தூரியும் எல்லை தாண்டியது இப்படித்தான். இன்று நாம் ருசித்துச் சாப்பிடுவது அன்று அவர்களுக்குப் பிழைப்பு.

எல்லோரும் கிளம்பிவிடவில்லை. லக்னோ சவுக்கில் 1905-ல் ஹாஜி முராத் அலி தொடங்கிய துண்டே கபாபி இன்றும் இருக்கிறது. அவருக்கு ஒரு கை கிடையாது. "துண்டா" என்பது அதைக் குறிக்கும் சொல். டெல்லி ஜாமா மஸ்ஜித் பக்கத்தில் 1913-ல் தொடங்கிய கரீம்ஸும் அப்படியே இருக்கிறது.

இனி லண்டனுக்குத் திரும்புவோம்.

கோடு போட்ட ராட்கிளிஃப்பின் சொந்த நாடு அது. அங்கே பெஷாவரும் டெல்லியும் கராச்சியும் லாகூரும் ஒரே மெனு கார்டில் இருக்கின்றன. ஒரே மேஜையில் இந்தியரும் பாகிஸ்தானியரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நடுவில் விசா இல்லை, முள்வேலி இல்லை.

ஆகவே அடுத்த முறை யாராவது "இது அவங்க சாப்பாடு, அது நம்ம சாப்பாடு" என்று ஆரம்பித்தால் ஒரு கேள்வி கேளுங்கள்... எந்த வருஷத்து "அவங்க"? எந்த வருஷத்து "நம்ம"?

கடைசியாக டாக்டராக ஒன்று. கொத்துக்கறியில் செய்யும் சீக் கபாப் உள்ளே வரை நன்றாக வெந்திருக்கிறதா என்று பார்த்துச் சாப்பிடுங்கள். கறியை அரைக்கும்போது மேலே இருக்கும் கிருமி உள்ளேயும் போய்விடும். கருகிய பகுதியை ஒதுக்கிவிடுங்கள். நானை அளவோடு நிறுத்துங்கள்.