பாரதக் கூத்துக்குப் போன பிள்ளைகள்

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள செங்கம், போளூர், ஆரணி, வந்தவாசி, செய்யாறு பக்கத்துக் கிராமங்களில் ஒரு பிள்ளை தன் வாழ்வில் பார்க்கும் முதல் மேடைக்கலை, பல தலைமுறைகளாகத் தெருக்கூத்தாகவே இருந்தது. பாட்டு, அடவு, வசனம், வேடம் எல்லாம் சேர்ந்த முழு இசை நாடகம் அது. இரவு பத்து மணி வாக்கில் களரி கட்டினால் பொழுது விடிந்துதான் முடியும். கதையில் சூது உண்டு, சாபம் உண்டு, கொலைக்குப் பஞ்சமே இல்லை. இருந்தும் கைக்குழந்தை முதல் பள்ளிக்கூடத்துப் பிள்ளை வரை வீட்டில் எவரையும் விட்டுவிட்டுப் போகும் வழக்கம் அங்கே இருந்ததில்லை.

நகரின் நடுவே நிற்கும் அருணாசலேசுவரர் கோயிலுக்கும் இந்தக் கூத்துக்கும் நேரடி உறவு குறைவு. கார்த்திகைத் தீபத்தின் பத்து நாள் விழா ஆகமப்படி நடப்பது. கூத்துக்கு உரியவள் சுற்றுவட்டாரத்துத் திரௌபதி அம்மன். அவளுடைய தாய்க்கோயிலாகக் கருதப்படும் மேலச்சேரி, திருவண்ணாமலைக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், செஞ்சியை ஒட்டி இருக்கிறது. 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரியும்வரை இந்த நிலம் வட ஆர்க்காட்டில் இருந்தது. எல்லைக்கு அப்பால் தென் ஆர்க்காடு. கூத்தின் வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி இரண்டும் உரசிக்கொள்ளும் இடம் இது.

பங்குனியில் தொடங்கி ஆடி வரை அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். அறுவடை முடிந்து நிலம் காயும் கோடைக்காலம் அது. ஊருக்குப் பள்ளிக்கூடம் வந்த பிறகு இதில் ஒரு பகுதி முழுப்பரீட்சை லீவோடு பொருந்திப்போனது, யாரும் திட்டமிடாமல் கிடைத்த வசதி. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தையோ நல்லாப்பிள்ளை பாரதத்தையோ பாடிப் பொருள் சொல்வார். அன்று சொன்ன கதையை இரவில் கூத்து ஜமா ஆடிக் காட்டும். கோயில் திண்ணையில் பாட்டியின் மடியில் படுத்தபடி மத்தியானமே பாதிக் கதையைக் கேட்டுவிட்ட பிள்ளைக்கு, இரவில் வருகிற ராஜா யார், அவன் சாகப்போகிறானா என்பதெல்லாம் முன்பே தெரியும். அதிர்ச்சியின் கூர்மை அங்கேயே கொஞ்சம் மழுங்கிவிடும்.

ஆட்டத்தின் அமைப்பும் பிள்ளைகளுக்கு இடங்கொடுத்தது. டிக்கெட் கிடையாது, நாற்காலி கிடையாது. சாயங்காலமே பாயைக் கொண்டுபோய் விரித்து இடம் பிடிப்பது பிள்ளைகளின் வேலை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பொடிசுகள் முன்வரிசை. முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் முழங்க, கட்டியக்காரன் வந்து நையாண்டி பேசுவான். பிறகு இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். துணிக்கு மேலே கிரீடத்தின் உச்சியும், கீழே சலங்கை கட்டிய காலும் மட்டும் தெரியும். வேடம் உள்ளிருந்தே பாடும். திரை விலகியதும் புஜகீர்த்தியும் மார்பதக்கமும் மின்ன ராஜா சுழன்று ஆடுவார். உடனே கட்டியக்காரன் நீங்கள் யார், எந்த ஊர், எதற்காக வந்தீர்கள் என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்லவைப்பான். அரைத் தூக்கத்தில் எழுந்த பிள்ளைக்கும் வந்திருப்பது யார் என்று விளங்கிவிடும். கூத்தைப் படைத்தவர்கள் பிள்ளைகளை மனத்தில் வைத்து இதைச் செய்தார்களா என்பது வேறு விஷயம்; பிள்ளைகளுக்கு இதைவிடத் தோதான உத்தி எந்த நவீன நாடகத்திலும் இல்லை. நடுச்சாமத்தில் வாக்குவாதம் நீளும்போது பிள்ளைகள் பாயிலேயே சுருண்டுவிடுவார்கள். சண்டைக்கு மேளம் ஏறும்போது யாராவது தட்டி எழுப்புவார்கள். எட்டு மணி நேரக் கூத்தில் ஒரு பிள்ளை உண்மையில் பார்த்தது இரண்டு மணி நேரம் இருந்தால் அதிகம்.

பிள்ளையை அழைத்துப் போகலாமா என்ற கேள்வியே எழவில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. அது வயதைப் பற்றிய கேள்வியாக இருக்கவில்லை. எந்த இரவு என்பதைப் பற்றியதாக இருந்தது. வில்வளைப்பும் சுபத்திரை கல்யாணமும் யாருக்கும் ஆகும். துகில் உரியும் இரவில் கூட்டத்தின் முகமே மாறும். திரௌபதி வேடம் கட்டியவர் அம்மனாகவே பார்க்கப்படுவார், பெண்கள் அழுவார்கள், சிலருக்கு அருள் வரும். அபிமன்னன் மடியும் இரவில் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொள்வது இன்றும் காணக்கூடிய காட்சி. கர்ண மோட்சம் சாவு வீட்டோடும் சேர்ந்தது. இறந்தவருக்காகக் கருமாதியையொட்டி அதை ஆடவைக்கும் வழக்கம் தொண்டை மண்டலத்தில் உண்டு என்பதால் அதற்குத் தனிக் கனம்.

பிள்ளைகளுக்காகவே இருப்பதுபோல் தோன்றும் நாள் அர்ச்சுனன் தபசு. கோயில் முன் உயரமான பனைமரத்தை நட்டு, படிக்குச்சிகள் அடித்து, உச்சியில் பரண் கட்டுவார்கள். அர்ச்சுனன் வேடம் போட்டவர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். சில ஊர்களில் இது விடியலில் நடக்கும், சில ஊர்களில் பகலில். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் குளித்த ஈரச்சேலையோடு மரத்தடியில் காத்திருப்பார்கள். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம், பூ, விபூதி எல்லாம் கீழே விழும், மடியேந்திப் பிடிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பிள்ளை நிற்பதற்கு அர்த்தம் தனி. முந்தைய ஆண்டுகளில் மடியேந்திய ஒருத்திக்கு அது பிறந்ததாகவும் இருக்கலாம்.

முடிவில் வரும் படுகளமும் பகல் நிகழ்ச்சிதான். மண்ணால் செய்த மிகப் பெரிய துரியோதனன் மல்லாந்து கிடப்பான். வீமன் கதையால் அடிக்க, தொடையில் புதைத்த செஞ்சாந்து பீறிடும். திரௌபதி கூந்தல் முடிப்பாள். இதில் ரத்தம் உண்டு, பழிவாங்கல் உண்டு. ஆனால் துரியோதனன் மனைவி பெருந்திருவாள் முறமும் துடைப்பமுமாக வந்து ஒப்பாரி வைப்பதில் சிரிப்பும் கலந்திருக்கும். சடங்கு முடிந்ததும் அந்த மண்ணைப் பிடி பிடியாக எடுத்துப்போய் நெல் குதிரில் போடுவார்கள். பிள்ளைகளும் கையில் மண் உருண்டையோடு வீடு திரும்புவார்கள். மாலையில் தீமிதி.

பயம் என்ற கோணத்தில் நாடக உலகத்துக்கென்று ஒரு பழைய கதை உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இளமையில் எமன், சனீசுவரன் வேடங்களில் பேர்பெற்றவர். சாவித்திரி நாடகத்தில் அவர் எமனாகப் பாய்ந்து வந்ததைக் கண்ட ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்ததாகவும், அதன் பிறகு அவர் வேடம் கட்டுவதை விட்டு நாடகாசிரியராக ஆனதாகவும் சொல்வார்கள். மேடையில் இருப்பது எவ்வளவு தூரம் உண்மை என்று பெரியவர்களே தடுமாறிய காலம் அது.

பெற்றோரின் கவலை வேறு ஒன்றாகவும் இருந்தது: பிள்ளை நாடகக்காரர்களோடு ஓடிவிடுவான் என்ற கவலை. அதற்கு நியாயம் இருந்தது. சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார், நாடக நடிகர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கேதான் பயின்றார்கள். பாய்ஸ் கம்பெனிகள் ஊர் ஊராகக் கொட்டகை போட்ட அந்த ஆண்டுகளில், திருச்சிப் பக்கம் வளர்ந்த கணேசன் என்ற சிறுவன் கம்பளத்தார் ஆடிய கட்டபொம்மன் கூத்தைப் பார்த்தான். ஏழு வயதில் வீட்டை விட்டுக் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். 1959-இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் அந்த வேடத்தைக் கட்டியவர் அவர்தான், சிவாஜி கணேசன்.

கூத்துக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஓடிப்போகும் தேவையே இல்லை. பின்பாட்டுக்காரர்களுக்குப் பின்னால் தூங்கி, தாளத்தைக் காதில் வாங்கி, பத்து வயதுக்குள் ஒரு சின்ன வேடம் கட்டிவிடுவான். செய்யாறு பக்கத்துப் புரிசையில் தம்பிரான் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கலையைக் காத்தது இப்படித்தான். புரிசை கண்ணப்பத் தம்பிரான் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றார். 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி நவீன நாடகத்துக்கு வேர் தேடி வந்ததும் இந்த ஊருக்குத்தான். வீட்டிலேயே கூத்துக் கற்கும் முறையில் பிள்ளையின் பள்ளிப்படிப்பு கெடும் என்பது உண்மை. கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூனும் 2002-இல் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் தொடங்கியது அதற்கு மாற்றாக. அங்கே பிள்ளைகள் பள்ளிப்பாடத்தோடு கூத்தும் கற்றார்கள். ஆண்களே பெண் வேடம் கட்டிவந்த கலையில் சிறுமிகளும் வேடம் கட்டினார்கள். 2020-இல் அது மூடப்பட்டது.

அரங்கக் கதவும் நாற்காலி எண்ணும் வந்த இடங்களில்தான் வயது ஒரு விதியானது. நியூயார்க்கின் பிராட்வே இசை நாடகங்கள் பலவற்றில் 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளை உள்ளே விடுவதில்லை. பணம் கொடுத்து இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருப்பவர் நடுவே ஒரு குழந்தை அழுதால் அது தொந்தரவு. கூத்துக் களத்தில் அழுதால் தாய் எழுந்து நாலடி தள்ளிப் போய் நிற்பாள், அவ்வளவுதான்.

பிள்ளைகளைக் கூத்துக்கு அழைத்துப்போகும் வழக்கம் குறைந்ததற்குத் தொலைக்காட்சியை மட்டும் குற்றம் சொல்வது சோம்பேறித்தனம். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். விடிய விடிய ஆடும் கலைக்கு இது நேரெதிர். ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு வரும் ஆனி, ஆடிப் பாரதங்களுக்குப் பிள்ளைகள் வருவதும் குறைந்துவிட்டது. எஸ். ராமகிருஷ்ணன் கதை எழுத, முரளி மனோகர் இயக்கித் தேசிய விருது பெற்ற ‘கர்ண மோட்சம்’ குறும்படம் (2008) பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆடிக்காட்ட நகரத்துக்கு வரும் கூத்துக்காரரின் கதை. அவர் வந்து சேரும் நாளில் பள்ளிக்கூடம் நடக்கவில்லை.

பாரதம் வைக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. நோட்டீஸில் எந்த நாள் எந்தக் கூத்து என்று அச்சிட்டிருக்கும். முதல் தடவை பிள்ளையை அழைத்துப் போகிறவர்கள் படுகளத்திலோ பகல் தபசிலோ தொடங்குவது நல்லது. இரவுக் கூத்து என்றால் வில்வளைப்பைத் தேர்ந்தெடுத்து, ஒரு பாயும் போர்வையும் எடுத்துப்போக வேண்டும்.