பழைய விலாசத்துக்கு வந்த ஆள்

கம்ப்யூட்டரில் கோளாறு என்றால் நமக்குத் தெரிந்த வைத்தியம் மூன்று. அணைத்துவிட்டு மறுபடி போடுவது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக இன்ஸ்டால் செய்வது. அதுவும் பலிக்கவில்லையா? 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையனை'க் கூப்பிடுவது! 2008 செப்டம்பரில், இந்த மூன்றுக்குமே மசியாத ஒரு விசித்திர வியாதி கிளம்பியது.

1991-ல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் எழுத ஆரம்பித்தது லினக்ஸ். அதன் இதயத்துக்குக் 'கெர்னல்' என்று பெயர். அப்போது 2.6.27 என்ற புதிய கெர்னல் தயாராகிக்கொண்டிருந்தது. உபுண்டு, ஓப்பன்சூசே போன்றவற்றின் சோதனைப் பதிப்புகளில் அதைப் போட்டு, ஆர்வலர்கள் தங்கள் சொந்த மெஷின்களிலேயே ஓட்டிப் பார்த்தார்கள்.

திடீரென்று சிலருக்கு நெட்வொர்க் செத்துப்போனது. மெஷின் பூட் ஆகும். ஆனால், நெட்வொர்க் கார்டு மட்டும் எழுந்திருக்காது. 'கார்டின் நினைவகக் கணக்கு உதைக்கிறது' என்ற பொருளில் திரையில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். சரி, பழைய கெர்னலுக்கே திரும்பிவிடலாம் என்று போனால்... அங்கேயும் கார்டு பிணம்!

காரணம் இதுதான். கார்டுக்கென்று ஒரு குட்டி நினைவகம் உண்டு. தன் அடையாள எண், அமைப்பு விவரம் எல்லாம் அதில்தான் இருக்கும். கரன்ட் போனாலும் அழியாது. அந்த ஏட்டையே யாரோ கிறுக்கிவைத்திருந்தார்கள். ஒரு மென்பொருள் பிழை, இரும்பையே காவு வாங்கிவிட்டது!

செத்தவை எல்லாம் இன்டெல் கார்டுகள். அவற்றை இயக்குவது 'இ1000இ' என்ற டிரைவர். சந்தேகம் வேறு யார் மேல் விழும்? சிலர் திரையை இயக்கும் மென்பொருளையும் கூண்டில் ஏற்றினார்கள்.

இப்படிப்பட்ட வழக்குகளில் லினக்ஸ்காரர்களிடம் ஒரு நல்ல வழி உண்டு. நேற்று வரை ஓடியது, இன்று ஓடவில்லை என்றால், நடுவில் செய்த மாற்றங்களைப் பாதியாக வெட்டிச் சோதிப்பது. எந்தப் பாதியில் கோளாறோ, அதை மறுபடி பாதியாக்குவது. ஆயிரம் மாற்றம் இருந்தாலும் பத்தே சோதனையில் ஆள் சிக்கிவிடுவான். ஆனால் இங்கே? ஒவ்வொரு சோதனையிலும் ஒரு கார்டு சாகலாம்! அதனால் முதலில், கார்டின் ஏட்டில் யாரும் எழுத முடியாதபடி டிரைவரிலேயே ஒரு பூட்டுப் போட்டார்கள். அக்டோபர் 9-ல் 2.6.27 வெளியானது.

பூட்டுப் போட்டாச்சு. திருடன்?

தேடல் கடைசியில் போய் நின்ற இடம்தான் வேடிக்கை. 'எஃப்ட்ரேஸ்'! கெர்னலுக்குள் எந்தப் பகுதி எப்போது ஓடுகிறது என்று வேவு பார்க்க, அந்த 2.6.27-ல்தான் முதன்முதலாகச் சேர்த்த கருவி. அதாவது, கோளாறு கண்டுபிடிக்க வந்த கருவி!

அது வேலை செய்த விதம் இப்படி. கெர்னலின் ஒவ்வொரு பகுதியின் வாசலிலும் ஒரு மணி கட்டியிருக்கும். முதல் தடவை மணி அடித்ததும் விலாசத்தைக் குறித்துக்கொள்வார்கள். விநாடிக்கு ஒரு தரம் ஒரு ஆள் கிளம்பி, அந்த விலாசங்களுக்குப் போய் மணியைக் கழற்றி வைப்பான். சும்மா அடித்துக்கொண்டிருந்தால் வேகம் குறையுமே!

டிரைவர்களில் சில பகுதிகள் ஆரம்பத்தில் ஒரே ஒரு முறை ஓடிவிட்டு, வீட்டைக் காலி செய்துவிடும். அந்தக் காலி வீட்டுக்குச் சில சமயம் குடிவந்தது யார் தெரியுமா? நம் நெட்வொர்க் கார்டின் குட்டி நினைவகம்! நம்ம ஆளோ பழைய விலாசச் சீட்டோடு அங்கே போய் நின்றான்.

அவனும் எச்சரிக்கையானவன்தான். 'இது என் மணியா?' என்று ஒப்பிட்டுப் பார்ப்பான். இல்லையென்றால் மாற்ற மாட்டான். ஆனால், அவன் பயன்படுத்திய பிராசஸர் கட்டளைக்கு ஒரு குணம் உண்டு. பொருந்தாவிட்டாலும், படித்ததையே மறுபடி ஒரு தடவை எழுதிவிட்டு வரும். சாதாரண நினைவகத்தில் இதனால் பாதகமில்லை. ஒரு சாதனத்தின் வாசலில் எழுதினால்? அதை அது உத்தரவாக எடுத்துக்கொள்ளும். என்ன நடக்கும் என்று பிரம்மனுக்கே தெரியாது!

டிரைவர் நிரபராதி. அக்டோபர் 15-ல் வந்த 2.6.27.1, மணி கழற்றும் அந்த வேலையை நிறுத்தியது. நிறுத்தும் திருத்தத்தை எழுதியவர், எஃப்ட்ரேஸை உருவாக்கிய ஸ்டீவன் ரோஸ்டட்டேதான். பழியைத் தட்டிக்கழிக்கவில்லை. 2.6.28-ல் புது ஏற்பாடு. கெர்னலைத் தயாரிக்கும்போதே விலாசப் பட்டியல் ரெடி. காலி செய்யப்போகிற வீடுகளுக்கு அதில் இடமே கிடையாது!

இன்றைக்கும் கெர்னல் கோளாறு என்றால் நிபுணர்கள் கை நீட்டி எடுக்கிற கருவிகளில் எஃப்ட்ரேஸ் ஒன்று. ஆண்ட்ராய்டு போன்களின் கெர்னல்வரை போயிருக்கிறது. ஒரு காலத்தில் பயிரை மேய்ந்த வேலிதான். பிடுங்கி எறியாமல், சரியான இடத்தில் நட்டுவிட்டார்கள்!