ஓதமும் நொடியும்

முட்டுக்காட்டுக் காயலில் இறால் தடவும் பெண்களைக் காலை வேளையில் காணலாம். பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் அடிச்சேற்றைத் துழாவியபடியே மெல்ல நகர்வார்கள். கரையேறிய ஓர் அம்மாவிடம், "எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்கம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "மணி என்னத்த சார், தண்ணி மாருக்கு ஏறினா நாங்களும் ஏறிடுவோம்" என்றார்.

காலக்கணிதத்தின் அடிப்படையே அந்தப் பதிலில் இருக்கிறது. காலத்தை நேருக்கு நேர் அளந்தவர் எவருமில்லை. ஓர் அசைவை இன்னோர் அசைவோடு ஒப்பிடுகிறோம், அவ்வளவுதான். முல்லைப்பாட்டின் பாசறையில் நீர்க்கன்னல் கொண்டு பொழுதறிந்து அரசனுக்குச் சொல்வோர் வருகின்றனர். நாளை 60 நாழிகையாகப் பகுத்தது நம் மரபு. ஒரு நாழிகை 24 நிமிடம். ஆனால் கன்னலின் சிறு துளை வழியே ஒழுகும் நீர் வெயிலில் விரையும், பனியில் தயங்கும். அளக்கும் கருவியும் உலகத்துப் பொருள்தானே! உலகின் மாறுதல் அதையும் விடாது.

நண்பகலை எடுத்துக்கொள்வோம். இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைச் சார்ந்தது. முட்டுக்காடு அதற்கு மேற்கே, ஏறத்தாழ 80¼ பாகையில் இருக்கிறது. ஆகவே சூரியன் இங்கு உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் 12 மணி 9 நிமிடத்துக்கு. அந்தச் சராசரியும் நிலையானதன்று: பிப்ரவரி நடுவில் 12.23 வரை தள்ளிப்போகும். நவம்பர் தொடக்கத்தில் 11.53-க்கே வந்துவிடும். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வகம் கணித்துத் தந்த சென்னை நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி நேரம் முந்தியதே பொது நேரமாயிற்று. அன்று சூரியன் மாறவில்லை; ஒப்பந்தம் மாறியது.

அந்த வானாய்வகத்தில் பணியாற்றியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த அவரே, பழைய வாய்பாட்டுப் பஞ்சாங்கத்தை வானத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்த முனைந்தார். முன்னோர் கணக்கை அவர் இகழவில்லை. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த சிறு பிழையை வானத்தில் கண்டார், கண்டதைச் சொன்னார். அளவையியலின் அறம் இதுவே என்பேன்.

இன்று நொடி என்பது சீசியம் அணுவின் கதிர்வீச்சு 919,26,31,770 முறை அதிரும் கால அளவு. 1967-இல் செய்த வரையறை இது. இந்த நுட்பத்தின் முன் பூமியே பிந்தும் கடிகாரமாகிவிட்டது. காரணம், நிலவு எழுப்பும் ஓதம். ஆழமற்ற கடலடியை உரசும் நீர் பூமியின் சுழற்சிக்குத் தடை போடுகிறது. நாளின் நீளம் நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லிநொடி கூடுகிறது. அந்த அம்மாவுக்குப் பொழுது சொல்லும் அதே ஓதம்தான் நம் நாளையும் நீட்டுகிறது! வேறுபாட்டைச் சரிக்கட்ட 1972 முதல் 27 நொடிகளை உலகக் கடிகாரத்தில் சேர்த்தார்கள். 2035-க்குள் அவ்வழக்கத்தைக் கைவிடுவதென 2022-இல் முடிவாயிற்று. அதன்பின் கடிகாரம் அணுவின் பக்கம் நிற்கும். வானத்தோடு உள்ள இடைவெளி வளரும்.

அப்படியானால் எது மெய்யான நேரம்? அந்தக் கேள்வியை விட்டு, எதோடு ஒப்பிட்ட நேரம் என்று கேட்பதே முறை. துறைமுக ஓத அட்டவணை கடலுக்குப் பொருந்தும். முகத்துவாரத்தை மணல் அடைத்த நாளில் காயலுக்குப் பொருந்தாது. அட்டவணையில் பிழையில்லை. அதன் எல்லை அந்த மணல்திட்டில் முடிகிறது. எல்லையைச் சேர்த்துச் சொல்லும் அளவே அறிவு.

நாட்காட்டி ஓர் ஆண்டு என்று எண்ணுவதை, முட்டுக்காட்டுக் கடல் ஏறக்குறைய 705 ஏற்றங்களாக எண்ணுகிறது. இறால் தடவும் பெண்களோ, முகத்துவாரம் திறந்திருந்து தம் மார்பளவுக்கு நீர் வந்த ஏற்றங்களை மட்டும் எண்ணுவார்கள். மூன்றும் சரியான கணக்கே.