சக்தி இசைக்குழு

சக்தி என்பது 1970களில் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினும் இந்தியக் கலைஞர்களும் சேர்ந்து அமைத்த இசைக்குழு. தனித்தனியே பெயர் பெற்றவர்கள் ஒன்றுகூடும் குழுவை ராக் உலகில் ‘சூப்பர்குரூப்’ என்பர். 1966இல் எரிக் கிளாப்டன், ஜாக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் ஆகியோர் லண்டனில் தொடங்கிய ‘கிரீம்’ இவ்வகையில் முன்னோடி. புளூஸ் பாடல்களை மேடையில் நீண்ட மனோதர்மமாக வளர்த்த கிரீம், 1968இல் கலைந்தது. மெக்லாஃப்லினும் அதே வட்டத்தில் வளர்ந்தவர். 1963இல் கிரகாம் பாண்ட் குழுவில் புரூஸுடனும் பேக்கருடனும் வாசித்தவர்.

மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் மின்கிட்டாரைப் பேரொலியுடன் வாசித்துப் புகழ்பெற்ற காலத்திலேயே, அவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். அங்கே மிருதங்கம் கற்பித்தவர் ராம்நாட் வி. ராகவன், பாடகர் ராம்நாட் கிருஷ்ணனின் தம்பி. (இன்றைய விருதுநகரும் சிவகாசியும் 1985 வரை அந்த ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவையே.) வயலின் கலைஞர் எல். சங்கரும் அங்கே படித்தவர். தபலாவுக்கு ஜாகிர் உசேனும் கடத்துக்கு விக்கு விநாயக்ராமும் சேர, ஐவர் குழு அமைந்தது. 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் நடந்த கச்சேரியே அவர்களின் முதல் இசைத்தட்டானது. அதன்பின் ராகவன் விலகினார்.

மெக்லாஃப்லின் மின்கிட்டாரைக் கீழே வைத்தார். கிப்சன் நிறுவனம் செய்துகொடுத்த மரக்கிட்டாரில் மெட்டுகளுக்கு இடையிலான பலகை குடையப்பட்டிருந்தது. வீணையில்போலக் கம்பியை அழுத்தி இழுத்துக் கமகம் பிடிக்கவே இந்த ஏற்பாடு. குறுக்கே தனியாகச் சில சுருதிக் கம்பிகளும் உண்டு.

ஆனால் பெரிய மாற்றம் கடத்துக்கு நேர்ந்ததுதான். கர்நாடகக் கச்சேரியில் அது உபபக்கவாத்தியம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்துக்குப் பின்பே அதன் முறை வரும். சக்தியில் டிரம்ஸ் இல்லை, பேஸ் கிட்டாரும் இல்லை. ராகவன் சென்றபின் தனி மிருதங்கக் கலைஞரும் இல்லை. கனத்த அடியொலியைத் தர வேண்டிய பொறுப்பில் பெரும்பங்கு ஒரு மண்பானையின் மேல் விழுந்தது. ராக் கேட்க வந்த கூட்டம் அதை வேடிக்கைப் பொருளாகப் பார்த்துவிட்டுப் போகவில்லை. விநாயக்ராம் பிறகு மிக்கி ஹார்ட்டின் ‘பிளானட் டிரம்’ இசைத்தட்டில் வாசித்தார். 1992இல் அதற்குக் கிராமி விருது கிடைத்தது.

விற்பனையில் சக்தி மகாவிஷ்ணுவை எட்டவில்லை. 1977இல் மூன்றாம் இசைத்தட்டு வந்தது. விரைவிலேயே குழு பிரிந்தது. 1997இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்று மீண்டபின், மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், பாடகர் சங்கர் மகாதேவன், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் ஆகியோர் சேர்ந்தனர். ஸ்ரீநிவாஸ் 2014இல் மறைந்தார். 2023இல் வெளியான ‘திஸ் மொமென்ட்’ இசைத்தட்டு அடுத்த ஆண்டு கிராமி விருது பெற்றது. அதில் கஞ்சிரா வாசித்தவர் செல்வகணேஷ்.