உப்புத்தாள் தின்ற எழுத்துகள்

ஆபீஸ் வேலையாக சூரிக் போயிருந்தபோது, சனிக்கிழமை பழம்பொருள் சந்தையில் ஒரு மடக்குக்கத்தி வாங்கினேன். செம்பழுப்பு ஃபைபர் பிடி, துருவேறிய அலகு. ஏதோ ஒரு ஸ்விஸ் சிப்பாயின் பையில் கிடந்தது. ஊருக்கு வந்ததும் உப்புத்தாளோடு உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் அலகு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அப்புறம்தான் கவனித்தேன், அலகின் அடியில் பொறித்திருந்த எழுத்துகளில் பாதியைக் காணோம்.

போனால் போகட்டும் என்று விட முடியவில்லை. காரணம், இந்தக் கத்தியின் கதையே அந்த எழுத்துகளில்தான் இருக்கிறது.

ஸ்விஸ் ராணுவத்துக்கு ஷ்மிட்-ரூபின் 1889 என்ற புதுத் துப்பாக்கி வந்தது. அதைக் கழற்றி மாட்டத் திருப்புளி தேவைப்பட்டது. டின் உணவைத் திறக்கவும் ஒன்று வேண்டும். அலகு, குத்தூசி, டின் ஓப்பனர், திருப்புளி நான்கையும் மரப்பிடிக்குள் மடக்கியதுதான் 1890 மாதிரிக் கத்தி. ஆயுதம் என்பதைவிட மெக்கானிக்கின் பையில் இருக்க வேண்டிய சாமான் என்பதே சரி.

வேடிக்கை என்னவென்றால், முதல் 15,000 கத்திகளைச் செய்தது ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து வெஸ்டர் கம்பெனி. அவ்வளவு கத்திகளைச் செய்து கொடுக்கும் வசதி அன்று ஸ்விட்சர்லாந்தில் யாரிடமும் இல்லை. இபாக் ஊரில் பட்டறை வைத்திருந்த கார்ல் எல்சனர் 1891-இல் உள்ளே வந்தார். சோலிங்கன்காரர்களின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் திவாலாகும் நிலைக்குப் போய், பிறகு மீண்டார். அவருடைய பட்டறைதான் இன்றைய விக்டோரினாக்ஸ். நாம் கடையில் பார்க்கும் தக்கைத் திருகு வைத்த சிவப்புக் கத்தியின் மூதாதை, 1897-இல் அவர் பதிவுசெய்த ஆபீசர் கத்தி. அதை ராணுவம் வழங்கவில்லை. அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள்.

மரப்பிடி எளிதில் சிதைந்ததால் 1901-இல் ஃபைபர் வந்தது. 1908 முதல் ராணுவம் ஆர்டரை எல்சனருக்கும் வெங்கருக்கும் பிரித்துக் கொடுத்தது. 1951-இல் துருப்பிடிக்காத எஃகு வந்தது.

இப்போது என் கத்திக்கு வருவோம். ஃபைபர் பிடி, அதனால் 1901-க்குப் பின். துருப்பிடித்த எஃகு, அதனால் 1951-க்கு முன். நடுவில் 50 வருஷம், இரண்டு உலகப்போர். எந்த ஆண்டை ஒட்டிச் செய்தது, எல்சனரா வெங்கரா என்று அந்த எழுத்துகள் சொல்லியிருக்கும். மிச்சமிருக்கும் கீறல்களை லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் பிடிபடவில்லை.

இப்போதெல்லாம் பழைய கத்தி கிடைத்தால் உப்புத்தாளைத் தொடுவதே இல்லை. துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துருவை மட்டும் துடைக்கிறேன். மடிப்பு மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய். தண்ணீரில் ஊறப்போடுவதில்லை, ஃபைபர் உப்பிவிடும். சாணை பிடித்துப் பிடித்துத் தேய்ந்த அலகை அப்படியே விட்டுவிடுகிறேன். அது அந்தச் சிப்பாயின் கைவேலை. கண்ணாடி மாதிரி மின்னுவது என்னுடையது.