அலைக்கு யார் கணக்கு?

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக்கு வந்து சேரும்போது கூட்டம் களைத்துப்போய்க் கொஞ்சம் உட்காரும். ஒரு பௌர்ணமி இரவு நானும் அங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நின்ற காவலரின் வாக்கி-டாக்கி ஓயாமல் கரகரத்தது. டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரப் பெரியவர் கேட்டார்: "ஏந் தம்பி, அந்தப் பேச்சு வர்ற வழி கவர்மெண்டுக்குத்தான் சொந்தமா? அப்ப கவர்மெண்டுகிட்ட யாரு கணக்குக் கேக்கறது?" எம்.ஏ. தமிழ் படித்த எனக்குப் பதில் தெரியவில்லை.

'அலைக்கற்றை' என்ற சொல் நம் டீக்கடைகளுக்கு வந்தது 2010இல். தனியாக வரவில்லை, 'ஊழல்' என்ற சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. தணிக்கை அதிகாரியின் அறிக்கை 1.76 லட்சம் கோடி என்று ஓர் எண்ணைச் சொன்னது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவித்தது. இத்தனை ஆண்டுச் சொல்லாடலும் ஒரே கேள்வியைத்தான் சுற்றியது: தனியாருக்கு என்ன விலைக்குக் கொடுத்தார்கள்? அரசு தன் கையிலேயே எவ்வளவு வைத்திருக்கிறது, அதில் எவ்வளவு சும்மா கிடக்கிறது என்ற கேள்வி அந்த எண்ணின் நிழலில் மறைந்துபோனது.

இந்த மறைவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் தந்தியை அரசின் தனியுரிமை ஆக்கியது. 1933இன் கம்பியில்லாத் தந்திச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. கருவியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். பேசுகிறவனுக்கு மட்டுமல்ல, கேட்கிறவனுக்கும் லைசென்ஸ். என் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் ஒன்று கிடந்தது. தபாலாபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டி முத்திரை வாங்கியிருக்கிறார். பாட்டுக் கேட்ட குடிமகனிடம் அரசு கணக்கு வைத்திருந்தது. குடிமகன் கையில் அரசின் கணக்கு இல்லை.

வேறு மாதிரியும் நடந்திருக்கலாம் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1924இல் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. காசில்லாமல் 1927இல் நின்றது. 1930 ஏப்ரலில் சென்னை மாநகராட்சி அந்த வேலையை எடுத்துக்கொண்டு இசையும் பள்ளிப் பிள்ளைகளுக்கான பேச்சும் ஒலிபரப்பியது. குப்பை அள்ளுகிற, குடிதண்ணீர் கொடுக்கிற ஒரு நகரசபை எட்டு ஆண்டுகள் வானொலி நடத்தியது! 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்ததும் அந்தக் கதை முடிந்தது. உள்ளூரின் குரல் மையத்தின் குரலாக மாறிய தேதி என்று நான் இதைத்தான் குறித்துக்கொள்வேன்.

சுதந்திரம் இந்த அமைப்பைத் தொடவில்லை. கம்பியில்லாத் தொடர்பு மத்தியப் பட்டியலின் 31ஆவது இனத்தில் உட்கார்ந்தது. அலைவரிசைகளை ஒதுக்க 1952இல் மத்திய அரசுக்குள்ளேயே ஒரு பிரிவு உருவானது. மாநிலப் போலீஸின் வாக்கி-டாக்கிக்கும் அனுமதி டெல்லியிலிருந்துதான் வரவேண்டும். கொடுப்பவர், வாங்குபவர், சோதிப்பவர் மூவரும் ஒரே குடும்பம். 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அலைகள் பொதுச்சொத்து, அவற்றைத் தன்னாட்சியுள்ள பொது அமைப்பு ஒன்று ஒழுங்குபடுத்தவேண்டும் என்றது. 1997இல் பிரசார் பாரதி வந்தது. அது ஒலிபரப்பும் அமைப்புதான், அலைகளுக்குக் கணக்குக் கேட்கும் அமைப்பு அல்ல.

கணக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2005இல் விண்வெளித் துறையின் வணிகக் கிளையான ஆன்ட்ரிக்ஸ், தேவாஸ் என்ற தனியார் நிறுவனத்தோடு 70 மெகாஹெர்ட்ஸ் எஸ்-பேண்ட் அலைக்கற்றைக்கு ஒப்பந்தம் போட்டது. அரசுத்துறையின் தேவைக்கென்று ஒதுக்கிய அலை கொல்லைப்புற வாசல் வழியாகப் போனது. 2011இல்தான் ஒப்பந்தம் ரத்தானது. 2012இல் தணிக்கை அறிக்கை விண்வெளித் துறையைக் கடுமையாகக் கண்டித்தது. ஆறு வருஷம் கழித்து வந்த கண்காணிப்பு என்பது பிரேதப் பரிசோதனைதான்.

ராணுவ ரகசியம் என்பார்கள். பிரிட்டனில் 2005இல் மார்ட்டின் கேவ் என்ற பொருளாதார அறிஞர் பொதுத்துறைகளின் அலைக்கற்றையைத் தணிக்கை செய்தார், ராணுவம் உட்பட. அங்கே பாதுகாப்பு அமைச்சகமும் தான் வைத்திருக்கும் அலைக்குக் கட்டணம் கட்டுகிறது. ரகசியம் எதுவும் கெட்டுவிடவில்லை.

பழைய இரண்டு சட்டங்களுக்கும் மாற்றாக 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. பாதுகாப்பு, பேரிடர் மேலாண்மை, வானிலை போன்றவற்றுக்கு ஏலமில்லாமல் அலை ஒதுக்கலாம் என்கிறது. இதில் எனக்கு மறுப்பில்லை. பயன்படுத்தாத அலையைத் திரும்ப வாங்கலாம் என்றும் சொல்கிறது. ஆனால் வாங்கவேண்டியதும் அதே மத்திய அரசுதான். தன் பாக்கியைத் தானே வசூலித்த கடன்காரனை யாராவது பார்த்திருக்கிறோமா?

2024 டிசம்பர் 1இல் இந்த மலை சரிந்து ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். அன்றைய நாளுக்கு நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் அதிகாரியிலிருந்து அதிகாரிக்குப் போகும் அலை நம்மிடம் ஏராளம், மலையடியில் குடியிருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அலைதான் அபூர்வம். சமுதாய வானொலிக்கு 2006இல் கதவு திறந்தார்கள். ஆனால் சிறு டிரான்ஸ்மிட்டர், சொந்தமாகச் செய்தி கூடாது. அந்தச் சின்ன இடத்திலேயே தெலங்கானாவில் தலித் பெண்கள் 2008 முதல் வானொலி நடத்திக் காட்டினார்கள்.

கார்த்திகையில் மலையுச்சியில் தீபம் ஏற்றுபவர்கள் பர்வதராஜ குலத்தார், மீனவர் மரபினர். ஒளியும் ரேடியோ அலையும் ஒரே இனம் என்கிறது அறிவியல். அந்த ஒளியைப் பார்க்க லைசென்ஸ் வேண்டாம், யார் ஏற்றினார்கள் என்பதும் ஊருக்குத் தெரியும். மற்ற அலைகளுக்கும் பெரியவர் கேட்டது இவ்வளவுதான்.